உறவினர் அல்லர்

4 மார்ச் 2025, செவ்வாய்

ஜெசிந்தாவின் வாய்மொழித் தேர்வுக்கான கடிதம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ‘நவீன அமெரிக்க மேடை நாடகங்களில் குடும்ப மோதல்’ என்ற தலைப்பில் ஆறு ஆண்டுகளாக என்னிடம் ஆய்வு செய்பவர். இரு தேர்வாளர்களும் ஆய்வேட்டைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 23, காலை பதினொரு மணி, துறைக் கருத்தரங்க அறை. நெறியாளரும் கூட்டுநரும்: முனைவர் சி. அறவாழி. அது நான். புறத் தேர்வாளர்: முனைவர் சி. பொழிலன், புதுச்சேரி.

பொழிலன் என் உடன்பிறந்த தம்பி. பதினோரு ஆண்டுகளாக நாங்கள் பேசுவதில்லை.

கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போய் ஐம்பது நிமிடம் பாடம் நடத்தினேன். பாடத்தில் பிழை ஒன்றும் இல்லை.

5 மார்ச், புதன்

கோப்பை எடுத்துப் பார்த்தேன். சென்ற ஆகஸ்டில் நாங்கள் அனுப்பிய தேர்வாளர் பட்டியலில் எட்டுப் பெயர்கள். தயாரித்தவர் ஜெசிந்தா. அந்த மாதம் தரமதிப்பீட்டுக் குழு கல்லூரிக்கு வரவிருந்தது. நான் அறிக்கைகளில் மூழ்கியிருந்தேன். ஆறாவது பெயரைக் கவனிக்கவில்லை. ஜெசிந்தாவுக்கும் எதுவும் தெரிய வாய்ப்பில்லை. தந்தை இறந்தபோது துக்கம் கேட்க வந்து தம்பியைப் பார்த்த சக ஆசிரியர்களில் இன்று துறையில் ஒருவரும் இல்லை.

பட்டியலின் கீழ் அச்சிட்ட உறுதிமொழி: ‘மேற்கண்டவர்களுள் எவரும் எனக்கு உறவினர் அல்லர்.’ அதன் கீழே என் கையெழுத்து, தெளிவாக, துறை முத்திரையுடன்.

விதித் தொகுப்பையும் பார்த்தேன். உறவு மறைக்கப்பட்டது தெரியவந்தால் பட்டம் எந்த நேரத்திலும் ரத்து செய்யப்படும். தண்டனை ஆய்வாளருக்கு. நெறியாளருக்கு ஒரு விளக்கக் கடிதம் போதுமாம்.

7 மார்ச், வெள்ளி

ஜெசிந்தா வந்தார். முப்பத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள், மூன்று கல்லூரிகளில் பன்னிரண்டு ஆண்டு கௌரவ விரிவுரையாளர்.

“கெஸ்ட் லெக்சரர்னு பேரு வச்சாங்களே சார், கெஸ்ட்டுன்னா ஒரு வாரத்துல கெளம்பிடணும்ல? நான் பன்னெண்டு வருஷமா பொட்டியைத் தூக்கிட்டே நிக்கிறேன்.”

இப்போது ஒரு உதவிபெறும் கல்லூரியில் அவருக்கு நிரந்தரப் பணி முடிவாகியிருக்கிறது. ஒரே நிபந்தனை: ஏப்ரல் முப்பதுக்குள் தற்காலிகப் பட்டச் சான்றிதழைக் காட்ட வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். அந்தக் கல்லூரியில் அடுத்த காலியிடம் வரும்போது இவர் வயது வரம்பைக் கடந்திருப்பார்.

“நல்லவேளை பொழிலன் சாரே வர்றாரு. அவரு புக்கை வச்சுத்தான் என் நாலாவது சாப்டர் பாதி நிக்குது. ரொம்பக் கண்டிப்பாமே சார்? உங்களுக்குத் தெரியுமா அவரை?”

“படிச்சிருக்கேன்” என்றேன்.

11 மார்ச், செவ்வாய்

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் எழுதினேன். உறவினர் அல்லர் எனக் கையெழுத்திட்டது கவனக்குறைவால் நேர்ந்தது, பொறுப்பு முழுவதும் என்னுடையது, மாற்றுத் தேர்வாளரை நியமிக்க வேண்டும். பிறகு கணக்குப் பார்த்தேன். புதிய பட்டியல், புதிய அறிக்கை, புதிய தேதி: குறைந்தது ஏழு மாதம். ஜெசிந்தாவுக்கு இருப்பது ஏழு வாரம்.

கடிதத்தை அனுப்பவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாமல் விட்டு வேறொருவர் சொன்னால் பட்டமே போகும்.

13 மார்ச், வியாழன்

தேநீர் இடைவேளையில் கனகசபை என் எதிரே வந்து உட்கார்ந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகி வந்தவர். நான் துறைத்தலைவரானதை எதிர்த்துத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் பதினான்கு மனுக்கள் போட்டவர்.

“எக்ஸாமினர் பேரு பொழிலனாமே சார். நல்ல தனித்தமிழ்ப் பேரு. உங்க பேரு மாதிரியே. இனிஷியல்கூட ‘சி’தான் போல.”

“‘சி’ங்கிற எழுத்து யாருக்கும் சொந்தமில்ல, கனகசபை.”

“அய்யோ, சும்மா கேட்டேன் சார்.”

அவர் சும்மா கேட்பவர் அல்லர். பிஸ்கட்டைக்கூடக் காரணத்தோடு எடுப்பவர்.

19 மார்ச், புதன்

தேர்வாளர் அறிக்கைகளின் நகல் வந்தது. பொழிலனுடையது நான்கு பக்கம். ஆய்வேட்டைப் பாராட்டியிருக்கிறான். ஒரே ஒரு திருத்தம் கோருகிறான்: ‘பக்கம் 143இல், பேச்சு நின்றுபோன குடும்பத்தில் மோதலும் முடிந்துபோகிறது என்று ஆய்வாளர் கூறுகிறார். இது அனுபவமின்மையைக் காட்டுகிறது.’

அந்தப் பத்தியை ஜெசிந்தா எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டது. அவன் அதை அடையாளம் கண்டிருக்கிறான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அறிக்கையுடன் தேர்வாளர் தர வேண்டிய உறுதிமொழியும் இணைக்கப்பட்டிருந்தது. ‘ஆய்வாளரோ நெறியாளரோ எனக்கு உறவினர் அல்லர்.’ கீழே அவனது கையெழுத்து.

ஆய்வேட்டின் முகப்பில் என் பெயரைப் பார்த்திருப்பான். பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான். ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவன், ஐந்தாம் வகுப்பு வரை என் கையைப் பிடித்துக்கொண்டு பாபநாசம் பள்ளிக்கு நடந்தவன், பேனாவை எடுத்து, நான் அவனுக்கு யாருமில்லை என்று எழுதி, தேதியும் போட்டிருக்கிறான். எப்படி மனம் வந்தது? எந்த உரிமையில் எழுதினான்?

20 மார்ச், வியாழன்

கல்லூரிக்குப் போகவில்லை. விடுப்பு விண்ணப்பத்தில் தலைவலி என்று எழுதினேன்.

28 மார்ச், வெள்ளி

மனைவி திலகவதி என் பையில் சாவி தேடி, நான் அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தைப் படித்துவிட்டாள்.

“ஏங்க, தம்பி வர்றாரா?”

“புறத் தேர்வாளர் வருகிறார்” என்றேன்.

“அய்யோடா! அந்தப் புறத் தேர்வாளருக்கு நான்தானே பொண்ணு பாத்துக் கட்டி வச்சேன். வந்தா வீட்டுக்கு ஒரு வாய் சாப்பிடக் கூப்பிடுங்க.”

“தேர்வாளரை நெறியாளர் வீட்டுக்குக் கூப்பிடறது விதிமீறல்.”

“விதியாம் விதி. யாரும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப அது எங்க போயிருந்துச்சு?”

முப்பது ஆண்டுகளாக அவளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதில் நான் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். மின்கட்டணம் கட்டிவிட்டு, பழுதான மிக்சியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

2 ஏப்ரல், புதன்

பக்கம் 143ஐ ஜெசிந்தாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். இருந்தபடியே இருக்கட்டும், தேர்வில் நான் பதில் சொல்கிறேன் என்றேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். அவரு சொல்றதுதான் சரி. இந்த ஆறு நாடகத்துலயும் பாருங்க, குடும்பமே ஹால்ல கூடும், குடிக்கும், முப்பது வருஷக் குப்பையெல்லாம் கொட்டும். ஒருத்தன் கதவை அடிச்சுச் சாத்திட்டுப் போவான், ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்து இன்னொரு டயலாக் சொல்லுவான். நம்ம ஆளுங்க கதவைத் திறந்தே வச்சிருப்பாங்க, சாப்பாடும் போடுவாங்க, மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டாங்க. எது சார் பெரிய சண்டை?”

“நம்ம வீடுகள் உங்க ஆய்வுப் பரப்புல இல்ல.”

“இல்லதான் சார். ஆனா அந்தப் பாராவை எழுதின ஆளு யார்கூடவோ பேச்சை நிறுத்திட்டு, அதோட முடிஞ்சுதுன்னு நம்பிட்டு இருக்கான்னு எக்ஸாமினருக்குத் தோணியிருக்கும்ல?”

அப்போதுதான் அந்தப் பத்தி யாருடையது என்று அவருக்கு நினைவு வந்தது. முகம் வெளிறி, தண்ணீர் குடித்தார். திருத்தத்தை ஏற்றுக்கொண்டோம்.

9 ஏப்ரல், புதன்

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. நடந்ததை ஒருமுறையாவது வரிசையாக எழுதிவைப்பது நல்லது.

எங்கள் தந்தை சிங்காரவேலு பள்ளி ஆசிரியர், கடைசி மூச்சுவரை பகுத்தறிவாளர். தம் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 2014 ஜனவரியில் பக்கவாதம். பொழிலன் அப்போது ஆய்வு நல்கையில் அமெரிக்காவில் இருந்தான். பிறர் குடும்பங்கள் மேடையில் எப்படிச் சண்டையிடுகின்றன என்று பார்க்கப் போயிருந்தான். மூன்று வாரம் வரவில்லை. படுக்கைப் புண்ணை நான் துடைத்தேன். தந்தை ஒவ்வொரு நாளும் கேட்டது அவனைத்தான்.

பிப்ரவரி எட்டாம் நாள் காலை இறந்தார். அவன் சென்னையில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. உடலை உரிய காலத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. மாலை நான்கு மணிக்கு ஒப்படைத்தேன். அவன் எட்டு மணிக்கு வந்தான். வீடு கழுவப்பட்டிருந்தது. உறவினர் அனைவர் முன்னிலையிலும் என்னிடம் சொன்னான்: “லைப்ரரி புக்கைத் திருப்பிக் குடுக்கற மாதிரி குடுத்துட்டு வந்துட்டியே அண்ணே. ஒருதரம் முகத்தைப் பாக்க விட்டியா நீ?”

அன்றிலிருந்து பேச்சில்லை. நான் செய்தது சட்டப்படி சரி. தாள்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன.

எங்களுக்குச் சாம்பலும் இல்லை, திதியும் இல்லை, கல்லறையும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் எதிரெதிரே நின்றாக வேண்டிய நாள் எதையும் தந்தை எங்களுக்கு விட்டுவைக்கவில்லை.

16 ஏப்ரல், புதன்

மார்ச் 5ஆம் நாள் எழுதியதில் ஒரு திருத்தம்.

ஆறாவது பெயரை நான் கவனித்தேன். அடிப்பதற்குப் பேனாவைத் திறந்தேன். அடித்தால் ஜெசிந்தா காரணம் கேட்பார் என்று நினைத்தேன். பிறகு உறுதிமொழியைப் படித்தேன். அதில் பொய் ஏதுமில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. கையெழுத்திட்டேன்.

எட்டில் இருவரைத்தான் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுக்கும். அவன் பெயர் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. அதையும் அன்றே கணக்கிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஏன் கணக்கிட்டேன் என்று தெரியவில்லை.

21 ஏப்ரல், திங்கள்

அறிவிப்புப் பலகையில் தேர்வு அறிவிப்பை ஒட்டினேன். பொது வாய்மொழித் தேர்வு. யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். கனகசபை அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

“புதன்கிழமை எனக்கு ஃப்ரீதான் சார். வந்து பின்னாடி உக்காந்துக்கறேன்.”

23 ஏப்ரல், புதன்

வந்திருந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். பொழிலன் பத்தரைக்கே வந்துவிட்டான். தலை முழுவதும் நரைத்திருக்கிறது. “வணக்கம், புரொபசர்” என்றான். “வணக்கம். வாங்க, சார்” என்றேன். அவனை நான் சார் என்று அழைத்ததைக் கேட்கத் தந்தை இல்லை.

தேர்வாளரை அறிமுகப்படுத்துவது கூட்டுநரின் கடமை. அவன் அனுப்பிய தன்விவரக் குறிப்பை வாசித்தேன். பிறந்த ஊரை மட்டும் விட்டுவிட்டேன். என் பணிப்பதிவேட்டிலும் அதே ஊர்தான் இருக்கிறது.

ஜெசிந்தா நாற்பது நிமிடம் பேசினார். குரலில் நடுக்கம் முதல் ஐந்து நிமிடத்தோடு போய்விட்டது. நடுவில் பொழிலனைப் பார்த்தேன். இடது கையைத் தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்து, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தந்தை அப்படித்தான் உட்காருவார். பின்வரிசையில் கனகசபை அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பது தெரிந்தது. அப்போதுதான் என் இடது கையும் தாடைக்குக் கீழே இருப்பதை உணர்ந்தேன். எடுத்து மேசைக்கு அடியில் வைத்தேன். அவனும் அதே கணத்தில் எடுத்தான். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

பொழிலன் ஒன்பது கேள்விகள் கேட்டான். கடுமையானவை, நேர்மையானவை. ஜெசிந்தா எட்டுக்குப் பதில் சொன்னார். ஒன்பதாவதற்குத் தெரியாது என்றார். “தெரியாதுன்னு சொன்னது சரியான பதில்தான்” என்றான். பார்வையாளர்களின் பக்கம் திரும்பி, கேள்வி உண்டா என்றேன்.

கனகசபை எழுந்தார்.

“கேண்டிடேட்டுக்கு இல்ல சார், சபைக்கு. எக்ஸாமினரும் கைடும் சொந்தக்காரங்கன்னு ஒரு பேச்சு வெளியில உலாத்துது. எனக்கு நம்பிக்கை இல்ல. இருந்தாலும் அப்படி இல்லைன்னு இங்கயே சொல்லி மினிட்ஸ்ல ஏத்திட்டா அந்தம்மாவுக்குத்தான் நல்லது. நாளைக்கு யாரும் ஒண்ணும் கேக்க முடியாது பாருங்க.”

ஜெசிந்தா திரையருகே நின்றபடி முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், பொழிலன் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முன்வரிசையில் அவருடைய கணவரும் இரண்டு பெண்களும் புத்தாடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தாளில் எழுதும்போது அது ஒரு வாக்கியமாக இருந்தது. அவனை இரண்டடி தொலைவில் வைத்துக்கொண்டு வாயால் சொல்வது வேறு. நான் எழுந்து நின்றேன்.

“உறவினர் அல்லர்” என்றேன்.

கனகசபை பொழிலனைப் பார்த்தார். பொழிலன் அவசரப்படவில்லை.

“நான் காலைல பாண்டிச்சேரில பஸ் ஏறி வந்தேங்க. இந்த ஊர்ல எனக்குச் சொந்தம்னு யாராவது இருந்திருந்தா, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டு வந்திருப்பாங்கல்ல?”

அவை சிரித்தது. கனகசபையும் சிரித்து உட்கார்ந்தார். நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதினேன்: ‘நெறியாளரும் தேர்வாளரும் உறவினர் அல்லர் என இருவராலும் அவையில் உறுதிசெய்யப்பட்டது.’ ஜெசிந்தாவுக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரை. கைதட்டல்.

இனிப்பும் மிக்சரும் வெளியே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அறையில் பொழிலன் தேர்வு முடிவு அறிக்கையின் ஐந்து படிகளில் கையெழுத்திட வேண்டியிருந்தது. கதவைத் திறந்தே வைத்தேன். மூடினால் கனகசபைக்குப் பதினைந்தாவது மனு கிடைத்துவிடும்.

“எங்க போடணும்?”

“இங்க. தேதியோட.”

முதல் படியில் கையெழுத்திட்டான். தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

“அப்பாவுக்குச் சவரம் பண்ணியிருந்துச்சா?”

“அன்னிக்குக் காலைல நானே பண்ணிவிட்டேன்.”

“வாய் கோணியிருந்துச்சுன்னாங்களே.”

“கடைசில நேராயிருச்சு. தூங்கற மாதிரிதான் இருந்தாரு.”

இரண்டாவது படி. மூன்றாவது. என் குரலை நானே கேட்டேன்.

“மறுநாள் காலை வரைக்கும் வச்சிருந்திருக்கலாம். ஐஸ் பெட்டி இருக்குன்னு வண்டிக்காரரு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். உனக்காகத்தான் வேணாம்னேன். மூணு வாரம் வராதவனுக்கு எதுக்குன்னு.”

பேனா நின்றது.

“தெரியும். மறுநாளே மெடிக்கல் காலேஜுக்குப் போனேன். முகத்தைப் பாக்க விடல. கேட்டேன். சொன்னாங்க.”

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம் கேக்கல?”

“நான் மூணு வாரம் ஏன் வரலைன்னு நீ கேட்டியா?”

“ஏன் வரல?”

“பயமா இருந்துச்சு அண்ணே. வந்தா செத்துருவாருன்னு.”

வாசலில் ஜெசிந்தா தட்டுடன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. இரண்டு லட்டுகளை மேசையில் வைத்தார்.

“நான் ஒண்ணும் கேக்கல சார். எனக்கு ரெண்டு காதுலயும் இன்னும் கைதட்டல்தான் கேக்குது” என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் வாசலை மறைத்தபடி நின்று யாருடனோ சத்தமாகப் பேசத் தொடங்கினார்.

பொழிலன் ஐந்தாவது படியில் கையெழுத்திட்டு முடித்தான்.

“அண்ணி போன் பண்ணினாங்க. சாப்பிட வரச் சொன்னாங்க.”

“வர முடியாது.”

“தெரியும். இப்ப நான் உன் வீட்டுப் படியேறினா அந்தம்மா படியிறங்கணும்.” லட்டை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியைத் தாளோடு என் பக்கம் தள்ளினான். “அந்த ஆளு எப்ப ரிட்டயர் ஆவாரு?”

“பாத்துச் சொல்றேன்.”

“போன்ல சொல்லாத. அதுக்கும் தகவலறியும் உரிமை கேப்பாரு.” பையை எடுத்துக்கொண்டான். வாசலுக்குப் போனதும் எல்லோருக்கும் கேட்கும்படி, “வர்றேன், புரொபசர்” என்றான்.

பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் போனான். நான் துறை வாசல்வரை மட்டும் போனேன். அதற்குமேல் போவது நெறியாளரின் கடமையில் இல்லை.

30 ஏப்ரல், புதன்

ஜெசிந்தா மாலை நான்கு மணிக்குச் சான்றிதழைக் கல்லூரியில் ஒப்படைத்தார். ஐந்து மணியோடு அலுவலகம் மூடியது.

16 ஜூன், திங்கள்

ஜெசிந்தா இன்று நிரந்தரப் பணியில் சேர்ந்தார். காலையில் தொலைபேசியில் அழுதார். நான் வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டேன்.

பிற்பகல், பணிமூப்புப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அலுவலகத்தில் கனகசபையின் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். திரும்பும் வழியில் தலைமை அஞ்சலகத்தில் ஓர் அஞ்சலட்டை வாங்கினேன். புதுச்சேரி முகவரியை எழுதி, மறுபக்கத்தில் ‘31 மே 2027’ என்று மட்டும் எழுதினேன். அனுப்புநர் பெயர் எழுதவில்லை. பெட்டியில் போட்டுவிட்டு, விழுந்த சத்தம் கேட்ட பிறகு வீட்டுக்கு வந்தேன்.